மொத தடவ எழுதியிருக்கேன், படிச்சுட்டு சொல்லுங்க (தானே புயல்)

நைட்ஷிப்ட், இரவு 9:42

எல்லாருக்கும் வணக்கம். ஒரு வருசமா இங்க எழுதுறத எல்லாம் சும்மா படிச்சுட்டு போயிட்டே இருந்தேன், இன்னைக்கு தான் தைரியம் வந்துச்சு. கடலூர் சிப்காட்ல ஒரு கம்பெனில பேக்கிங்ல இருக்கேன், சொந்த ஊரு பண்ருட்டி பக்கம். இது 2011 டிசம்பர் 30 தானே புயல் அடிச்ச அன்னைக்கு காலைல, எங்க பலா மரம் சாஞ்சப்ப நடந்தது, அப்ப நான் ஏழாவது. கம்பெனி பஸ்ல போன்ல அடிச்சது, தப்பு இருந்தா மன்னிச்சுருங்க.

காற்றே நீ ஏன் கண்ணீர் தந்தாய்
கனவுகள் எல்லாம் கலைத்துச் சென்றாய்
பலா மரமே பலா மரமே
பாசம் தந்த பலா மரமே
அப்பா அன்று அழவே இல்லை
வேரைத் தொட்டுப் பார்த்துவிட்டு
மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனார்
இதயம் எல்லாம் இடிந்ததம்மா
விதியின் சதியை என்ன சொல்வேன்

கவிப்புயல்77, இரவு 9:44

அருமை அருமை கவிஞரே. கண்கள் பனித்தன. மென்மேலும் வளர வாழ்த்துகள்.

உப்புக்காத்து, இரவு 9:51

சூப்பர் தங்கச்சி. எங்க தேவனாம்பட்டினத்துலயும் அன்னைக்கு நைட்டு கதவ ரெண்டு பேரு சேந்து புடிச்சுக்கிட்டு நின்னோம், தாழ்ப்பாள் தாங்கல. அந்த சத்தம் இன்னும் காதுல இருக்கு. நெறய எழுதுங்க.

பலாக்கொட்டை, இரவு 9:58

எங்க வீட்டுலயும் முந்திரி பூரா போச்சு, பலா ஒண்ணு ரெண்டு தான் மிஞ்சுச்சு. நெல்லுனா அடுத்த போகம் பாத்துக்கலாம், மரம் போனா ஒரு தலைமுறையே போன மாதிரி. நல்லாருக்கு.

கெடிலக்கரை, இரவு 10:20

நைட்ஷிப்ட், வரவேற்கிறேன். நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன், கோச்சுக்காத.

நீ ஒம்போது வரி போட்டுருக்க, அதுல மூணு வரி தான் கவிதை. "அப்பா அன்று அழவே இல்லை"ல ஆரம்பிச்சு "மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனார்" வரைக்கும். அந்த மூணு வரிய படிச்சப்ப நான் போன கீழ வச்சுட்டேன், உண்மையா. மத்த ஆறும் உன்னோடது இல்ல. காற்றே நீ ஏன், இதயம் இடிந்தது, விதியின் சதி, இதெல்லாம் ஊர்ல எல்லார் வீட்டுலயும் கெடக்குற பழைய பாத்திரம், யார் வேணா எடுத்து புழங்கலாம். அப்பா மாட்டுக்கு தண்ணி காட்டப் போனது மட்டும் தான் நீ பாத்தது, உன்னத்தவிர யாரும் எழுத முடியாது. முன்ன நாலு வரியையும் பின்ன ரெண்டு வரியையும் வெட்டிட்டு ஒருதரம் படிச்சு பாரு.

கவிப்புயல்77, இரவு 10:26

ஐயா, புதுசா வந்த புள்ளய மொத நாளே இப்படியா? ஒம்போதுல ஆறு வேஸ்ட்டுன்னா அந்த பொண்ணு நாளைக்கு எழுதுமா? கவிதை மனசு சம்பந்தப்பட்டது, கத்திரிக்கோல் கடை இல்ல. ஊக்கப்படுத்தத்தான் நாம எல்லாம் இங்க இருக்கோம்.

கெடிலக்கரை, இரவு 10:31

நீங்க போட்ட "அருமை" 9:44. கவிதை வந்தது 9:42. ஒம்போது வரி, ரெண்டு நிமிசம், அதுல கண்ணு வேற பனிச்சுருக்கு. எந்த வரில பனிச்சுதுன்னு மட்டும் சொல்லுங்க, நான் மன்னிப்பு கேட்டுக்கிறேன்.

முள்ளோடை, இரவு 10:33

ஆரம்பிச்சாச்சுடா சாமி. நான் டீ போட்டுட்டு வரேன்.

கவிப்புயல்77, இரவு 10:50

சரி, சொல்றேன். நான் நெல்லித்தோப்புல சின்னதா ஜெராக்ஸ் கடை வச்சுருக்கேன். ஒரு நாளைக்கு அஞ்சு குரூப்புல நாப்பது கவிதைக்கு கருத்து போடுறேன், அவ்வளவும் ஆற அமர படிக்கலன்றது உண்மை தான், ஒத்துக்கிறேன். ஆனா ஏன் போடுறேன் தெரியுமா? நான் மொத கவிதை போட்டப்ப பதினோரு நாள் ஒரு ஆள் கூட ஒரு வார்த்தை பேசல. கடையில உக்காந்து உக்காந்து போன எடுத்து எடுத்து பாப்பேன். பன்னெண்டாவது நாள் எவனோ ஒருத்தன் "அருமை"ன்னு போட்டான், அன்னைக்கு நைட்டு பூரா தூங்காம நாலு எழுதுனேன். அந்த பதினோரு நாள் இன்னொருத்தருக்கு வேணாம்னு தான் போடுறேன். உங்களுக்கு அது கேலியா இருந்தா இருந்துட்டு போகட்டும்.

கெடிலக்கரை, இரவு 10:54

இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் அந்த மணிக்கணக்கு பாத்துருக்க மாட்டேன். மன்னிச்சுருங்க.

ரிட்டயர்டு வாத்தியார், இரவு 11:15

முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு கிழவன் பேசுறேன். இந்தச் சண்டைக்கு நம்ம ஊர்லயே ஒரு பழைய கதை இருக்கு, பலருக்குத் தெரிஞ்சதுதான்.

பாரதி 1908ல பாண்டிக்கு வந்தவர் 1918 வரைக்கும் இங்கதான். அப்ப இங்க கனக சுப்புரத்தினம்னு ஒரு இளைஞர், பள்ளிக்கூட வாத்தியார் (எங்க சாதி!), பாட்டு எழுதுவார். ஒரு கல்யாண வீட்டுல பாரதி உக்காந்திருக்கறது தெரியாமலே பாரதி பாட்டப் பாடுனார், அப்படித்தான் பழக்கம். பிறகு ஒருநாள் நண்பர்கள் இருக்கும்போதே ஒரு பாட்டு எழுதச் சொன்னார் பாரதி. சுப்புரத்தினம் எழுதிக் காட்டுனார். அதைத்தான் "ஸ்ரீ சுப்பிரமணிய பாரதியின் கவிதா மண்டலத்தைச் சேர்ந்த கனக சுப்புரத்தினம் எழுதியது"ன்னு குறிப்பு எழுதி சுதேசமித்திரன் பத்திரிகைக்கு அனுப்பி வச்சார் பாரதி. அந்த சுப்புரத்தினம்தான் பின்னால பாரதிதாசன்.

கவிப்புயல்77, இரவு 11:18

பாத்தீங்களா, பாரதியே ஊக்கப்படுத்துனவர் தான்!

ரிட்டயர்டு வாத்தியார், இரவு 11:24

அவசரப்படாதீங்க தம்பி. அவர் "அருமை"ன்னு சொல்லிட்டுப் போகல. நாலு பேர் பாக்க எழுத வச்சார், எழுதுனதைப் படிச்சார், அதுக்குப் பிறகுதான் தன் பேரை அது பக்கத்துல வச்சார். கெடிலக்கரை செஞ்சது பாதி, நீங்க செஞ்சது பாதி. இது ரெண்டும் ஒரே ஆள்கிட்ட சேர்ந்து கிடைக்கறதுதான் கஷ்டம்.

கெடிலக்கரை, இரவு 11:27

வாத்தியாரே, பாண்டிக்காரங்க பாரதின்னாலே ஒரு மிதப்பு தான். உங்களுக்கு பத்து வருசம் இருந்தாரு, குயில் தோப்பு, ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெரு வீடுன்னு காட்டிக்கிட்டே இருக்கீங்க. எங்க கடலூருக்கு 1918 நவம்பர் 20ல இருந்து டிசம்பர் 14 வரைக்கும் தான், அதுவும் ஜெயில்ல. எங்களுக்கு வாச்சது அவ்வளவு தான்.

முள்ளோடை, இரவு 11:29

ஹாஹா. நான் ஸ்டேட் பார்டர்ல இருக்கேன், ரெண்டு பக்கமும் சேராத ஆளு.

உப்புக்காத்து, இரவு 11:48

தூக்கம் வரல, இத சொல்லிட்டு போறேன். நான் நாலு வருசமா எழுதுறேன், எல்லாருக்கும் தெரியும். எனக்கு வந்த "அருமை"ய எண்ணுனா முந்நூறு தேறும். அந்த தைரியத்துல ரெண்டு வருசம் முன்ன ஒரு தொகுப்பு நூலுக்கு கவிதை கேட்டாங்க (எந்த ஊரு, யாருன்னெல்லாம் வேணாம்), 1,800 ரூபா கட்டுனா ரெண்டு பக்கம், ரெண்டு புத்தகம், கேடயம், சான்றிதழ், ஒரு பட்டம். சுய உதவிக்குழு லோன்ல இருந்து எடுத்து கட்டுனேன், வீட்டுக்காரருக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது, நீங்க யாரும் சொல்லிடாதீங்க.

புத்தகம் வந்துச்சு. என் பேர்ல ஒரு எழுத்து தப்பு. கவிதைல கடைசி நாலு வரி இல்ல, பக்கம் பத்தலயாம். கவிதை பாதில நிக்குதுன்னு யாருமே என்கிட்ட கேக்கல, அது தான் எனக்கு வயித்த பெசஞ்சுது. அப்பவும் "அருமைக்கா"ன்னு தான் சொன்னாங்க. கேடயம் டிவி மேல இருக்கு, அதுலயாவது பேரு சரியா இருக்கு.

ஆனா கவிப்புயல் அண்ணன நான் விட்டுக் குடுக்க மாட்டேன். "மீன் கழுவுற கையில பேனா எதுக்கு"ன்னு வீட்டுல கேட்டப்ப அந்த முந்நூறு அருமைல ஒரு நாப்பது அவரு போட்டது. அத வச்சு தான் தாண்டி வந்தேன்.

பலாக்கொட்டை, இரவு 11:55

அக்கா, எனக்கும் அதே மாதிரி ஒண்ணு வந்துச்சு. பட்டம் என்ன வேணும்னு என்னையே கேட்டாங்க, லிஸ்ட் அனுப்பி டிக் அடிக்க சொன்னாங்க. நான் ஒரே ஒரு ஹைக்கூ எழுதுன ஆளு. அப்பவே கழண்டுக்கிட்டேன்.

முள்ளோடை, காலை 6:40

குட் மார்னிங். சண்டைய நிறுத்த நான் ஒரு குறள் வெண்பா போடுறேன். மூணு மாசமா யாப்பு (செய்யுள் இலக்கணம்) படிக்கிறேன், யாப்பருங்கலக்காரிகைங்கற பழைய யாப்பு நூல ரோமன் ரோலண்ட் நூலகத்துல உக்காந்து பாதி படிச்சேன், மீதி பாதி தலைல ஏறல. நேத்து பாண்டி பஸ் ஸ்டாண்டுல மழைக்கு ஒதுங்குனப்ப வந்தது:

பேருந்து வந்தாலும் அடைமழை விட்டாலும்
ஊர்போக இல்லை உளம்

ரிட்டயர்டு வாத்தியார், காலை 7:05

அடடே. காலையில கண்ணு குளிர்ந்துது. ஆனா ஒரு இடத்துல தளை, அதாவது சீருக்கும் அடுத்த சீருக்கும் உள்ள கட்டு, தட்டுது தம்பி. எங்கன்னு நீங்களே கண்டுபிடிங்க, அப்பதான் மறக்காது.

முள்ளோடை, காலை 7:30

(புதுசா படிக்கிறவங்களுக்கு: நேர்னா ஒரே எழுத்து அசை, நிரைனா குறில்ல ஆரம்பிச்சு ரெண்டு எழுத்து சேந்த அசை, புள்ளி எழுத்து கணக்கில்ல. ரெண்டசைச் சீர் நேர்ல முடிஞ்சா மா, நிரைல முடிஞ்சா விளம், மூணசைச் சீர் நேர்ல முடிஞ்சா காய்.) கடைசி சீர் உளம், நிரையசை, "மலர்" வாய்பாடு, ஓகே. இல்லை, தேமா, மாமுன் நிரை, அதுவும் ஓகே. "ஊர்போக இல்லை" காய்முன் நேர் ஓகே. மேல தான் ஏதோ... வந்/தா/லும் தேமாங்காய்... அடை/மழை... ஐயோ. காய்க்கு அப்புறம் நேர் வரணும், அடைன்னு நிரை வந்துடுச்சு.

ரிட்டயர்டு வாத்தியார், காலை 7:41

பலே. காய்முன் நிரை வந்தா அது கலித்தளை, வெண்பா வாசல்லயே செருப்பக் கழட்டிட்டு நிக்கணும், உள்ள விடமாட்டாங்க. அடைமழைய என்ன செய்யலாம்?

முள்ளோடை, காலை 7:52

பேருந்து வந்தாலும் பேய்மழை விட்டாலும்
ஊர்போக இல்லை உளம்

பேய்/மழை, நேர் நிரை, கூவிளம். அடுத்து "விட்டாலும்" நேர்ல ஆரம்பிக்குது, சரி. மோனையும் தானா விழுந்துடுச்சு, பேருந்து பேய்மழை!

ரிட்டயர்டு வாத்தியார், காலை 7:55

சரியாத்தான் இருக்கு. இலக்கணத்துக்காக மாத்துனது பொருளுக்கும் நல்லதாப் போச்சு பாருங்க. எப்பவும் இப்படி அமையாது, அமையும்போது வாங்கி வச்சுக்கணும்.

கெடிலக்கரை, காலை 8:10

நான் யாப்புக்கு எதிரி, ஆனா இது நல்லாருக்கு. ஏன் ஊருக்குப் போக மனசு இல்லன்னு சொல்லாம விட்ட பாரு, அது தான்.

முள்ளோடை, காலை 8:12

ஏழு சீருக்கு மேல எடம் இல்லண்ணா, இருந்தா சொல்லியிருப்பேன்.

நைட்ஷிப்ட், காலை 8:35

ஷிப்ட் முடிஞ்சு இப்ப தான் எல்லாத்தையும் பாத்தேன், இவ்வளவு நடந்துருக்கா. கெடிலக்கரை அண்ணா எழுதுனத நைட்டு பிரேக்ல படிச்சேன், மொதல்ல அழுகை வந்துச்சு, பொய் சொல்லல. பாத்ரூம்ல போய் நின்னேன். அப்புறம் நீங்க சொன்ன மூணு வரிய மட்டும் வாய்விட்டு சொல்லி பாத்தேன். எனக்கே மயிர் கூச்செறிஞ்சுது. மத்தது எல்லாம் ஸ்கூல் ஆண்டு விழாவுல படிச்ச மாதிரி இருக்கு. கோவம் இல்லண்ணா. கவிப்புயல் அண்ணா, உங்க அருமையும் தேவைப்பட்டுச்சு, அது இல்லன்னா ரெண்டாவது தடவ திறந்தே பாத்துருக்க மாட்டேன்.

ஒரு சந்தேகம். எங்கப்பாவ நான் "போனார்"னு ஒருநாளும் சொன்னதில்ல, போனாருன்னு தான் வரும். கவிதைல அப்படி எழுதலாமா?

ரிட்டயர்டு வாத்தியார், காலை 9:20

எனக்கு மனசு வரல, ஆனா எழுதலாம். ஒரே ஒரு நிபந்தனை, பாதி செந்தமிழ் பாதி பேச்சுன்னு கலக்காதே. உன் கவிதையில "பார்த்துவிட்டு" இருக்கு, அடுத்த வரியிலயே "தண்ணி" இருக்கு. ஒண்ணு அப்பா வீட்டுல பேசுற மாதிரி முழுக்கப் பேசட்டும். இல்ல நீ மேடையில நிக்கிற மாதிரி முழுக்க நில்லு. பாரதி பாஞ்சாலி சபதத்துக்கு எழுதுன முகவுரையில எளிய பதங்கள், எளிய நடைன்னுதான் கேட்டார், 1912லயே. அதனால நான் மறுத்துப் பேச வழியில்ல.

பலாக்கொட்டை, காலை 9:34

தங்கச்சி இன்னொண்ணு. வேரோட சாஞ்ச பலாவ தொட்டா கையில பால் ஒட்டுமே? எங்கப்பா அன்னைக்கு பூரா கையில எண்ணெய் தடவி தேச்சுக்கிட்டு இருந்தாரு. வேட்டில பட்டா கறை போகவே போகாது. உங்கப்பாவுக்கு ஒட்டலயா?

நைட்ஷிப்ட், காலை 9:36

ஒட்டுச்சு. வேட்டில தான் தொடச்சாரு. இத எப்படி எழுதாம விட்டேன்!

கெடிலக்கரை, காலை 9:37

விதியின் சதி எடத்த அடைச்சுக்கிட்டு இருந்துச்சு, அதான்.

நைட்ஷிப்ட், மாலை 5:15

தூங்கி எழுந்து எழுதுனேன்.

தாத்தா வச்ச மரம்
சாஞ்சு கெடந்துச்சு
அப்பா அழல
பிஞ்ச வேரத் தொட்டாரு
கையில ஒட்டுன பால
வேட்டில தொடச்சாரு
மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனாரு

அந்த வேட்டிய
அம்மா இன்னும் பொட்டில வச்சுருக்கு

உப்புக்காத்து, மாலை 5:22

நேத்து சூப்பர்னு சொன்னேன், இன்னைக்கு ஒண்ணும் சொல்ல வரல தங்கச்சி. "பிஞ்ச வேரு" எடத்துல நின்னுட்டேன்.

கவிப்புயல்77, மாலை 5:40

இந்த தடவ நாலு முறை படிச்சேன், கடைல ஆள் நின்னுச்சு, நிக்கட்டும்னு விட்டுட்டேன். மூணாவது வரில "அப்பா அழல"ன்னு அவ்வளவு சின்னதா சொல்றப்ப தான் இடிக்குது. நேத்து "அழவே இல்லை"ல அந்த "வே" கொஞ்சம் நடிச்சுது. சரியா சொல்றேனா?

கெடிலக்கரை, மாலை 5:43

அண்ணே, அந்த "வே" எனக்கே தோணல.

ஆனா கடைசி ரெண்டு வரி எனக்கு வேணாம். மாட்டுக்கு தண்ணி காட்டப் போனதோட அவரு முதுகு தெரியுது, அதோட விட்டுரு. வேட்டி பொட்டில இருக்குன்னதும் நீ எங்கள அழ சொல்ற.

ரிட்டயர்டு வாத்தியார், மாலை 6:02

நான் மாறுபடுறேன். அந்த ரெண்டு வரியில அம்மா வர்றா. இல்லன்னா அந்த வீட்டுல அம்மாவே இல்லாமப் போயிடுவா. இருக்கட்டும்.

உப்புக்காத்து, மாலை 6:04

இருக்கட்டும், இருக்கட்டும். கறை போகாத துணிய எடுத்து வைக்கிறது எல்லா வீட்டுலயும் நடக்குறது தான், ஆம்பளைங்களுக்கு பொட்டிக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாது.

முள்ளோடை, மாலை 6:10

ஓட்டு ரெண்டுக்கு ஒண்ணு. எனக்கு ரெண்டு விதமும் புடிக்குது, எனவே நான் செல்லாத ஓட்டு. அப்புறம் ஞாயித்துக்கிழமை பீச்ல உக்காந்து படிக்கலாம்னு போன மாசம் பேசுனோமே, இந்த வாரம் வெச்சுக்கலாமா? காந்தி சிலை கிட்ட, ஆறு மணிக்கு மேல பீச் ரோட்டுல வண்டியும் வராது, சத்தம் கம்மி. வாத்தியார் வந்தா சுண்டல் என் செலவு.

நைட்ஷிப்ட், இரவு 8:50

ஒரு விசயம் சொல்லணும். இப்ப தான் அப்பாவுக்கு போன் போட்டேன். கவிதைன்னு சொல்லல, "உன்ன பத்தி ஒண்ணு எழுதுனேன்ப்பா"ன்னு சொல்லி படிச்சு காமிச்சேன். கடைசி வரைக்கும் உம் கொட்டிக்கிட்டே கேட்டாரு. முடிஞ்சதும் சிரிச்சாரு. "மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனேன்னு யாருடி சொன்னா? ராப்பூரா பேஞ்ச மழைல தொட்டி ரொம்பி வழிஞ்சுக்கிட்டு கெடந்துச்சு, எவனாவது அன்னைக்கு தண்ணி காட்டுவானா"ன்னாரு.

அப்ப எதுக்குப்பா கொட்டாய் பக்கம் போனேன்னு கேட்டேன். அம்மாகிட்ட போன குடுத்துட்டாரு.

கவிப்புயல்77, இரவு 8:58

ஐயோ.

பலாக்கொட்டை, இரவு 9:01

எங்கப்பாவும் அன்னைக்கு எங்க போனாருன்னு இப்ப தான் யோசிக்கிறேன்.

ரிட்டயர்டு வாத்தியார், இரவு 9:10

வரியை மாத்தப் போறியாம்மா?

நைட்ஷிப்ட், இரவு 9:12

தெரியல சார். நான் பாத்தப்ப எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுது. பதினாலு அடி தள்ளி நின்னேன், கையில குடம் மாதிரி ஏதோ இருந்துச்சுன்னு தான் ஞாபகம், இப்ப அதுவே சந்தேகமா இருக்கு.

கெடிலக்கரை, இரவு 9:15

மாத்தாத. நீ ஏழாவது படிச்ச புள்ளயா பாத்தது அது. கடைசி ரெண்டு வரி பத்தி நான் சொன்னதயும் வாபஸ் வாங்கிக்கிறேன், எனக்கு ஒண்ணும் புரியல இன்னைக்கு.

நைட்ஷிப்ட், இரவு 9:18

சரிண்ணா. கம்பெனி பஸ் வந்துருச்சு. ஞாயித்துக்கிழமை எனக்கு ஆஃப், கடலூர்ல இருந்து யாராவது வரீங்களா, திரும்பி வர கடைசி பஸ் எத்தன மணிக்கு?

உப்புக்காத்து, இரவு 9:20

நான் வரேன் தங்கச்சி, பழைய பஸ் ஸ்டாண்டு வந்துரு, சேந்து போலாம். கேடயத்த எடுத்துட்டு வரேன், எல்லாரும் ஒருதரம் பாத்துருங்க.